பின் ஹவுசிங்கில் பால் காபி: 2.87 லட்சம் கி.மீ. ஓடிய பார்ச்சூனருக்குக் கிரௌன் ஆயில் மாற்றிய கதை

வண்டி 2010 மாடல் பார்ச்சூனர். மூன்று லிட்டர் டீசல், மேனுவல் கியர், நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கும் வகை. மீட்டர் 2,87,000-ஐத் தாண்டிவிட்டது. நான் வாங்கும்போதே 1,90,000. அதற்குப் பிறகு என்ஜின் ஆயில், டீசல் பில்டர், கிளட்ச், சஸ்பென்ஷன் புஷ் என்று அது கேட்டதையெல்லாம் செய்து கொடுத்திருக்கிறேன். கிரௌன் ஆயில், அதாவது அச்சின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் பல்சக்கரங்களுக்கான ஆயில், அதை மட்டும் மாற்றியதில்லை. பழைய ஓனர் மாற்றினாரா என்று பார்க்கப் பில்லும் இல்லை. அது கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

2024 ஆனி மாதம் கேட்க ஆரம்பித்தது. நாங்குநேரி வழியாக நாகர்கோவில் போகும்போது 65-ஐத் தாண்டியதும் பின்னாலிருந்து ஓர் ஊளை. 80-ல் உச்சத்துக்குப் போய், 95-க்கு மேல் காற்றுச் சத்தத்தில் கரைந்துவிடும். பின் சீட்டில் இருந்த அம்மா, “யாருடா விசிலடிக்கா?” என்று கேட்டபிறகு அதைக் கேட்காத மாதிரி இருக்க முடியவில்லை.

பாளையங்கோட்டையில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். சத்தத்தை வாயாலேயே ஊளையிட்டுக் காட்டினேன். “கிரௌனா இருக்கலாம், பேரிங்கா இருக்கலாம், டயராவும் இருக்கலாம் வே. மொதல்ல ஆயில மாத்தும். எப்படியும் மாத்த வேண்டியதுதான” என்றார். பட்டறையில் ஆடி முடியும்வரை இடமில்லையாம். நானே செய்யட்டுமா என்று கேட்டதற்குக் கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் ஒரே ஒரு கட்டளை போட்டார்: “மேல உள்ள போல்ட்டு கழருதான்னு பாத்துட்டுத்தான் கீழ உள்ளதுல கைய வைக்கணும். மறந்துராதயும்.”

இந்த ஒன்றைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவைக்கலாம். டிஃபரன்ஷியலை மூடியிருக்கும் கூடுதான் ஹவுசிங். அதில் இரண்டு பிளக், திருகிக் கழற்றுகிற மூடி, உண்டு. அடியில் இருப்பது வடிக்க, பக்கவாட்டில் பாதி உயரத்தில் இருப்பது ஊற்ற. கீழே இருப்பதைத் திறந்து எல்லாவற்றையும் வடித்துவிட்டு, மேலே இருப்பது துருவேறி அசையாமல் நின்றால் கதை முடிந்தது. ஆயில் இல்லாத ஹவுசிங்கோடு வண்டியைப் பட்டறைக்கு ஓட்டிப் போகவும் முடியாது.

டிஃபரன்ஷியல் என்ன செய்கிறது என்று என் மச்சினன் கேட்டான். பொறியியல் படித்தவன், ஆனால் சாஃப்ட்வேர். நெல்லையப்பர் தேரைத்தான் காட்டினேன். ரத வீதி முக்கில் தேர் திரும்பும்போது வடத்தின் வெளிப்பக்கம் பிடித்திருப்பவர்கள் ஓட வேண்டும். உள்பக்கம் இருப்பவர்கள் நின்ற இடத்தில் காலை மாற்றி மாற்றி வைத்தால் போதும். சக்கரமும் அப்படித்தான். வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓடுகிறது, உள்சக்கரம் குறைவாக. இரண்டையும் ஒரே கம்பியில் இறுக்கிக் கட்டினால் ஏதாவது ஒன்று தரையில் தேய்ந்து இழுபடும். இரண்டையும் வேறுவேறு வேகத்தில் ஓடவிட்டு, இரண்டுக்கும் இழுவையையும் கொடுக்கிற பல்சக்கரக் கூட்டம்தான் அந்தப் பானை மாதிரித் தொங்கும் ஹவுசிங்குக்குள் இருக்கிறது.

அதற்கு ஏன் தனி ஆயில்? என்ஜினின் சுழற்சியை அச்சுக்குக் கொண்டுவருவது புரொப்பல்லர் ஷாப்ட். அதன் நுனியிலிருக்கும் சின்னப் பல்சக்கரமான பினியன், கிரௌன் என்ற பெரிய பல்சக்கரத்தின் நடுமையத்துக்கு நேராக வந்து சேர்வதில்லை. சற்றுத் தள்ளிக் கீழே வந்து கடிக்கிறது. அதனால் பல்லும் பல்லும் உருளுவதோடு நிற்காமல் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கவும் செய்கின்றன, அதுவும் முழுப் பாரத்தோடு. சாதாரண ஆயில் படலம் அங்கே கிழிந்துபோகும். அதனால்தான் ஜிஎல்-5 வகை ஆயிலில் கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த மருந்து கலக்கிறார்கள். சூட்டிலும் அழுத்தத்திலும் அது பல்லின் மேல் மெல்லிய பூச்சாகப் பிடித்துக்கொண்டு, இரும்பும் இரும்பும் நேரடியாக உரசாமல் பார்த்துக்கொள்கிறது. பாட்டிலைத் திறந்ததும் வருமே, தீப்பெட்டி ஆபீசும் அழுகிய முட்டையும் கலந்த வாடை, அது இந்தக் கந்தகம்தான். கையில் பட்டால் இரண்டு நாள் சோறு சாப்பிடும்போதெல்லாம் மணக்கும்.

கடையில் போய் “தொண்ணூறு ஆயில்” என்று கேட்டால் எதை வேண்டுமானாலும் தருவார்கள். பாட்டிலில் ஜிஎல்-5 என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 மட்டும் என்று கையேடு சொல்லும் வண்டியாக இருந்தால், மிச்சமிருக்கிறதே என்று இதை அதில் ஊற்றிவிடக் கூடாது. அங்கிருக்கும் பித்தளை வளையங்களுக்கு இந்த மருந்து ஆகாமல் போகலாம். டொயோட்டா இந்தக் காலத்து வண்டிகளுக்கு மைனஸ் 18 டிகிரிக்கு மேல் எஸ்ஏஇ 90, அதற்குக் கீழே 80டபிள்யூ-90 என்று சொல்லியிருந்தது. ஆயில் எவ்வளவு கெட்டி என்று சொல்கிற எண்கள் இவை. திருநெல்வேலியில் மைனஸ் 18 வந்தால் ஆயிலைப் பற்றிக் கவலைப்பட யாரும் மிச்சமிருக்க மாட்டோம். கிடைத்தது 80டபிள்யூ-90, அதுவும் பொருந்தும். ஐந்து லிட்டர் வாங்கினேன். கூடவே ஸ்பேர் கடையில், முன் ஹவுசிங்குக்கும் பின் ஹவுசிங்குக்குமாக நான்கு பிளக் வாஷர். மெல்லிய உலோக வாஷர்தான், ஒருமுறை நசுங்கியதை மறுபடி போட்டால் கசியும். நாலு வாஷர் வாங்கச் சோம்பல்பட்டுப் பழையதையே போட்டு, வாசல் சிமெண்டில் கறையோடு வாழ்கிறவர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

ஆடி ஞாயிறு, காலை ஏழு மணி. ஆயில் சூடானால் இளகி வடியும் என்று கே.டி.சி. நகர் வரை ஒரு சுற்றுப் போய்வந்தேன். வாசல் தளம் சமமாக இருந்ததால் ஜாக்கி தேவைப்படவில்லை. 220 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிற வண்டிக்கடியில் என்னைப் போல நடுத்தர வயிறு உள்ளவனும் தாராளமாக நுழையலாம். ஹேண்ட்பிரேக், முதல் கியர், நான்கு சக்கரத்துக்கும் செங்கல். பழைய பிளெக்ஸ் பேனர் ஒன்றை விரித்துப் படுத்தேன். யாரோ ஒருவருடைய காதணி விழா.

பின் ஹவுசிங்கில் இரண்டு பிளக்குக்கும் 24 மி.மீ. சாக்கெட். முதலில் கையிலிருந்த ரிங் ஸ்பேனரை மாட்டினேன். வழுக்கியது. பிளக்கின் முனை மழுங்கப் போகிறது என்று கை சொன்னதும் நிறுத்திவிட்டேன். சுற்றியிருந்த மண்ணையும் துருவையும் வயர் பிரஷால் தேய்த்து, டபிள்யூடி-40 அடித்து, ஒரு டீ குடித்துவிட்டு வந்து, ஆறு முனை சாக்கெட்டை நன்றாக உள்ளே தட்டி மாட்டி, கைப்பிடியில் இரண்டடி ஜி.ஐ. பைப்பைச் செருகி நெம்பினேன். “டக்” என்று ஒரு சத்தம். எலும்பு முறிகிற மாதிரியேதான் இருக்கும். பயப்பட வேண்டாம், நல்ல சத்தம் அது.

மேல் பிளக்கைக் கையால் கடைசிச் சுற்றுக் கழற்றும்போது “புஸ்ஸ்” என்று காற்று வந்தது. சோடா பாட்டில் திறந்த மாதிரி, ஓரிரு நொடி. சூடான வண்டிதானே என்று விட்டுவிட்டேன். அங்கேயே நிறுத்தி யோசித்திருக்க வேண்டும்.

விரலை ஓட்டைக்குள் விட்டு வளைத்துப் பார்த்தேன். ஆயில் ஓட்டையின் கீழ் விளிம்புவரை நிற்க வேண்டும். என் சுண்டுவிரலின் இரண்டாவது கணு வரை எதுவும் படவில்லை. கடைசியில் நகத்தில் ஒட்டியது. வெளியே எடுத்துப் பார்த்தால் கறுப்பும் இல்லை, தேன் நிறமும் இல்லை.

கீழ் பிளக்கைத் திறந்தேன். வழக்கம்போல அது கை தவறி டிரேயில் விழுந்தது. பின்னாலேயே கட்டியாக, நுரையோடு, இளம் பழுப்பில் ஆயில் இறங்கியது. குனிந்து பார்த்த மச்சினன், “அத்தான், இது ஆயிலா, பில்டர் காபியா?” என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆயிலில் தண்ணீர் கலந்து அடிபட்டால்தான் இந்த நிறம் வரும்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. 2023 டிசம்பர் 17, 18. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டக்காரர்களுக்குத் தேதியைச் சொன்னால் போதும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. திருச்செந்தூர் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. தண்ணீர் கொஞ்சம் வடிந்த பிறகு சித்தியை அழைத்துவர செய்துங்கநல்லூர் தாண்டி நான் போனது இந்த வண்டியில்தான். சில இடங்களில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் நின்றது. போய்வந்ததும் ஏர் பில்டரைப் பார்த்தேன், என்ஜின் ஆயிலைப் பார்த்தேன், பிரேக்கைக் கழுவினேன். பார்ச்சூனர்டா என்று பெருமையும் பட்டேன். பின் ஹவுசிங் என்ற ஒன்று நினைவுக்கே வரவில்லை. எட்டு மாதம், ஏறக்குறைய 11,000 கி.மீ. இந்தக் காபியில்தான் ஓடியிருக்கிறது.

சரி, சீல் போட்ட ஹவுசிங்குக்குள் தண்ணீர் போவது எப்படி? அதற்கு அந்தப் “புஸ்” தான் பதில். ஓடும்போது ஹவுசிங் சூடாகி உள்ளே காற்று விரியும், ஆறும்போது சுருங்கும். அது வெளியே போய்வர ஆக்சில் குழாயின் மேல் சுண்டைக்காய் அளவில் ஒரு மூடி உண்டு, பிரீதர். கையை விட்டுத் துழாவிக் கண்டுபிடித்தேன். மூடியைச் சுற்றிக் காய்ந்த சேறு சிமெண்டு மாதிரி. அந்த மூடி விரலால் தொட்டால் ஆட வேண்டும், சுற்ற வேண்டும். இது ஆணி அடித்த மாதிரி நின்றது. பிரீதர் அடைத்துக்கொண்டால், சூட்டில் விரிகிற காற்றுக்கு இருக்கிற ஒரே வழி ஆயில் சீல், தண்டைச் சுற்றி ஆயில் கசியாமல் பிடிக்கிற ரப்பர் வளையம். பினியன் சீல் ஓரமாக வியர்வை மாதிரி ஆயில் கசிந்து தூசி அப்பியிருந்ததை நான் இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், வயசான வண்டி என்று. ஆயில் மட்டம் குறைந்தது அந்த வழியில். வெள்ளத்தன்று நடந்தது இதன் நேரெதிர். நெடுஞ்சாலையில் ஓடிச் சூடேறிய ஹவுசிங் குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கியதும் உள்ளிருந்த காற்று சட்டென்று சுருங்கி, வெற்றிடம் மாதிரி இழுத்திருக்கிறது. காற்று கிடைக்காத இடத்தில் சீல் உதட்டின் வழியாகத் தாமிரபரணியையே உறிஞ்சிவிட்டது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தண்ணீர் போயிருக்குமோ என்ற சந்தேகம் முன்பே இருந்தால், சூடாக்காமல், இரவு முழுக்க நிறுத்திய வண்டியில் காலையில் கீழ் பிளக்கைக் கொஞ்சமாக நெகிழ்த்திப் பார்ப்பது நல்லது. தண்ணீர் கனமானது, பிரிந்து நின்றிருந்தால் அடியிலிருந்து அதுதான் முதலில் சொட்டும். நான் சுற்றிவிட்டு வந்து நன்றாகக் கடைந்து கொடுத்துவிட்டேன்.

அடுத்தது காந்தம். வடிகால் பிளக்கின் முனையில் ஒரு காந்தம் இருக்கிறது. வெளியே எடுத்தபோது அதில் சாம்பல் நிறத்தில் ஒரு குவியல், கண் மை மாதிரிக் கெட்டியாக. இந்தக் குவியலைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். அதை விரலிடுக்கில் தேய்த்துப் பார்க்க வேண்டும். மை மாதிரி வழுவழுவென்று இருந்தால் வழக்கமான தேய்மானம். மினுமினுக்கிற செதிலோ, நெருடுகிற துண்டோ, பல்லின் முனை மாதிரி ஏதாவதோ அகப்பட்டால் ஆயில் மாற்றுவதை நிறுத்திவிட்டு ஹவுசிங்கைத் திறக்க வேண்டும். குழந்தைகளின் தலையில் ஈர் பார்க்கிற பொறுமையோடு, வெள்ளைத் துணியில் துடைத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். ஒரே ஒரு கீற்று, நகக்கண்ணில் மறைகிற அளவு. மற்றபடி மைதான். டிரேயின் அடியையும் அதே துணியால் துழாவினேன், ஒன்றுமில்லை. இத்தனை மாதத் தண்ணீருக்கு இது பெரிய அதிர்ஷ்டம். துருதான் உள்ளே பிடித்திருக்கும், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

அண்ணாச்சிக்குப் படம் அனுப்பினேன். “ரெண்டு லிட்டர் டீசல ஊத்தி நாலு சுத்து சுத்திட்டு வடிச்சிரும் வே” என்றார். அவர் சொன்னதில் நான் கேட்காதது இது ஒன்றுதான். டீசல் கழுவும், சரி. ஆனால் ஆக்சில் குழாயின் மூலையிலும் பேரிங் இடுக்கிலும் தங்குகிற டீசல், புதிதாக ஊற்றும் ஆயிலை இளக்கிவிடும். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் மெல்லிய படலத்தை நம்பி ஓடுகிற இடத்தில் அந்த விளையாட்டு வேண்டாம் என்று பட்டது. அதற்குப் பதிலாக மலிவான ஜிஎல்-5 ஆயில் மூன்று லிட்டர் தனியாக வாங்கிவரச் சொன்னேன். அதை ஊற்றி ஒரு ஐம்பது கிலோமீட்டர் ஓட்டி வடித்துவிட்டு, நல்ல ஆயிலை அப்புறம் ஊற்றலாம். செலவு கூடத்தான்.

ஊற்றுவது இருக்கிறதே, அதுதான் உண்மையான வேலை. ஓட்டை பக்கவாட்டில் இருக்கிறது, பாட்டிலைச் சாய்க்க இடமில்லை, ஆயிலோ தேன் மாதிரி. ஐந்து லிட்டர் கேனில் திருகுகிற கை பம்பு ஒன்று 450 ரூபாய்க்கு வாங்கியிருந்தேன். பத்து அழுத்துக்கு ஒரு டம்ளர்கூட ஏறவில்லை. அப்புறம் பாட்டில்களைச் சுடுதண்ணீர் அண்டாவில் பத்து நிமிடம் நிறுத்தினேன். எந்த அண்டா என்று கேட்காமல் எடுத்தது தவறு, அது தனிக்கதை. சூடானதும் ஆயில் விளக்கெண்ணெயிலிருந்து நல்லெண்ணெய் ஆனது. பம்பு ஒழுங்காக இழுத்தது. மச்சினன் மேலிருந்து அழுத்த, நான் கீழே குழாயைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். ஓட்டையின் விளிம்பிலிருந்து நூல் மாதிரி வழிய ஆரம்பித்ததும் நிறுத்தி, வழிவது சொட்டாகக் குறையும்வரை காத்திருந்து மூடினேன். வடித்தது 2.6 லிட்டர், ஏறியது மூன்றுக்குக் கொஞ்சம் குறைவு.

பிளக்கை இறுக்க 49 நியூட்டன் மீட்டர். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச் இல்லாதவர்களுக்கு ஒரு கணக்கு: ஒரு அடி நீளக் கைப்பிடியின் நுனியில் 16, 17 கிலோ தொங்குகிற அளவு. முக்கால் மூட்டை சிமெண்டு இல்லை, ஒரு பெரிய தண்ணீர்க் குடம். கழற்றும்போது பைப் போட்டோம் என்பதற்காக மாட்டும்போதும் பைப் போடக் கூடாது.

முன் ஹவுசிங்கைப் பற்றி எழுத அதிகமில்லை. பிளக் இரண்டுக்கும் 10 மி.மீ. ஆலன் கீ. மறை இரண்டும் சொன்னபடி கேட்டன. ஆயில் கறுப்பு, ஆனால் சுத்தமான கறுப்பு, தண்ணீர் இல்லை. முன்பக்கத்துக்கு மூச்சுக்குழாய் ரப்பர் ஹோஸாக என்ஜின் அறை வரை ஏறிப்போகிறது. பின்பக்கத்துக்கு வெறும் மூடி. ஒரே வண்டியில் ஒன்றுக்கு மூக்கு மேலே, இன்னொன்றுக்குத் தண்ணீர் மட்டத்தில். ஒன்றரை லிட்டருக்குள் நிரம்பிவிட்டது.

பழைய ஆயிலைக் கேனில் ஊற்றி, கடையில் டிரம் வைத்து எடுத்துக்கொள்கிறவரிடம் கொடுத்துவிட்டேன். எதிர்வீட்டு ஆசாரி கரையானுக்கு அடிக்கக் கேட்டார். இந்த வாடையோடு நிலைக்கதவா, வேண்டாம் அண்ணாச்சி என்றேன்.

மறுநாள் மலிவு ஆயிலோடு அம்பாசமுத்திரம் போய்வந்து வடித்தேன். இளம் காபிக்குப் பதில் இப்போது தண்ணி டீ. இன்னொரு தடவை கழுவலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. நல்ல ஆயிலை ஊற்றி, ஆயிரம் கிலோமீட்டரில் மறுபடி பார்ப்போம் என்று முடிவு செய்தேன். பிரீதருக்கு ஒரு வழி பண்ணாமல் விடக் கூடாது என்று அதன் மறையை லேத் பட்டறையில் காட்டி, அதே மறையில் ஒரு பித்தளை நிப்பிள் கடைந்து வாங்கினேன். 180 ரூபாய். டீசல் ஹோஸ் ஒன்றரை மீட்டர் மாட்டி, சேஸிஸ் ஓரமாக ஏற்றி, பின் விளக்குக்குப் பின்னால் கொண்டுபோய், நுனியில் சின்ன பெட்ரோல் பில்டர் ஒன்றைச் செருகிக் கட்டிவிட்டேன். ஆக்சில் மேலும் கீழும் ஆடும் என்பதால் ஹோஸில் கொஞ்சம் தொய்வு விட வேண்டும். முதலில் இறுக்கிக் கட்டி, வேகத்தடையில் பிடுங்கிக்கொண்டு, இரண்டாவது முறை கட்டியது இது.

ஊளை? அப்படியே இருக்கிறது. 65-ல் ஆரம்பம், 80-ல் உச்சம்.

மெக்கானிக் அண்ணாச்சியே ஒரு மாலை வண்டியில் ஏறி உட்கார்ந்தார். ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது ஒரு சுருதி, காலை எடுத்ததும் வேறு சுருதி என்றால் கிரௌன். ஸ்டீயரிங்கை இடமும் வலமும் மெதுவாக ஆட்டும்போது ஏறி இறங்கினால் வீல் பேரிங். ரோடு மாறும்போது சத்தம் மாறினால் டயர். நான்குவழிச் சாலையின் தார் முடிந்து சிமெண்டுத் தளம் வந்த இடத்தில் ஊளை குரல் மாற்றிக்கொண்டது. அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றிப் போட்டதும் சத்தம் முன்னால் வந்துவிட்டது. இடது பின்பக்கம் இருந்த டயரின் ஓரத்தைக் கையால் ஒருபக்கமாகத் தடவினால் வழுவழு, மறுபக்கமாகத் தடவினால் ரம்பம்.

ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி கீழ் பிளக்கைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்துப் பார்த்தேன். தேன் நிறம், லேசாக மங்கல். காந்தத்தில் மெல்லிய மை. பினியன் சீலில் வியர்வை நின்றுவிட்டது. சேஸிஸில் வெள்ளை பெயிண்டால் தேதியும் கிலோமீட்டரும் எழுதியாயிற்று, இனி 40,000-க்கு ஒரு தடவை என்று என் கணக்கு. டயர் நான்கும் தை மாதம் போனஸ் வந்த பிறகுதான். அதுவரை அம்மாவை முன் சீட்டில் உட்கார வைக்கலாமா பின் சீட்டிலா என்றுதான் யோசனை. டயரை மாற்றிப் போட்டதில் விசில் இப்போது முன்னால்தான் கேட்கிறது.